வெள்ளியங்கிரிக்கு இரவில் ஏறுகிறீர்களா? விளக்கை இப்படிப் பார்த்து வாங்குங்கள்

கோவை அருகே இருக்கும் வெள்ளியங்கிரி மலைக்குப் போகிறவர்களில் பலர் பூண்டி அடிவாரத்திலிருந்து இரவில்தான் ஏறத் தொடங்குகிறார்கள். ஒரு கையில் மூங்கில் தடி, மறு கையில் செல்போன் டார்ச். தயவுசெய்து இது வேண்டாம். படியில் தடுக்கினால் பிடித்துக்கொள்ளக் கை இருக்காது. சார்ஜும் பாதி வழியில் தீர்ந்துவிடும்.

நெற்றியில் மாட்டும் ஹெட்லேம்ப் வாங்குங்கள். 200 முதல் 300 லூமென் (வெளிச்சத்தின் அளவு) போதும். பெட்டியில் ஆயிரக்கணக்கில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். குறைந்த வெளிச்சத்தில் எத்தனை மணி நேரம் எரியும் என்பதுதான் முக்கியம். விளக்கைக் கீழ்நோக்கிச் சாய்க்க முடிய வேண்டும், இல்லையென்றால் எதிரே இறங்கி வருபவருக்குக் கண் கூசும். தூறல் தாங்க, தண்ணீர் தெறித்தாலும் கெடாது என்பதற்கான ஐபிஎக்ஸ்4 (IPX4) குறியீடு இருந்தால் சரி.

மேலே பனிமூட்டம் சூழ்ந்தால் நெற்றி வெளிச்சம் வெள்ளைத் திரைபோல் நம் கண்ணிலேயே திரும்பி அடிக்கும். அப்போது விளக்கைக் கழற்றி இடுப்பு உயரத்தில் பிடியுங்கள். கல்லின் நிழல் நீண்டு விழும். மேடு பள்ளம் பளிச்சென்று தெரியும். அப்புறம், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். மாற்று பேட்டரியைப் பையில் போடாமல், உடம்புச் சூடு படும்படி சட்டைப் பையில் வையுங்கள்.