மொட்டை மாடியில் ஓர் உசிலங்காடு: நாற்றிலிருந்து போன்சாய்த் தோப்பு

போன்சாய்த் தோப்பு, அதாவது ஒரே தட்டில் பல குட்டி மரங்களைக் காடு மாதிரி வைக்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், அடுத்த கேள்வி ஜூனிப்பர் என்ற குளிர்நாட்டு மரத்தின் கன்று எங்கே கிடைக்கும் என்பதாகத்தான் இருக்கும். மதுரை மொட்டை மாடியில் ஜூனிப்பர் ஒரு கத்திரி வெயிலைத் தாண்டினாலே பெரிய விஷயம். அதை விடுங்கள். உசிலம்பட்டியின் பெயரிலேயே நம் மரம் இருக்கிறது. உசில் இலையைக் காயவைத்து இடித்தால் தலைக்குத் தேய்க்கும் அரப்பு. இலை பொடிப்பொடியாக இருக்கும், வெட்டினால் துளிர்க்கும், வறட்சி தாங்கும். சின்னத் தட்டில் பெரிய காட்டைக் காட்ட வேறென்ன வேண்டும்?

மதுரை என்றால் கடம்பவனம், கடம்பிலேயே வைக்கலாமே என்று ஆசை வரும். கடம்பு இலை உள்ளங்கையைவிடப் பெரியது. ஒன்றரை அடித் தட்டில் ஏழு கடம்பு வைத்தால் கீரைப் பாத்தி மாதிரிதான் தெரியும். புளியும் நன்றாக வரும், ஆனால் அதன் சொந்த ஊர் ஆப்பிரிக்கா. கொடுக்காப்புளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. மண்ணின் மரம்தான் வேண்டும் என்றால் உசில், இல்லையேல் ஆத்தி.

கன்றும் விதையும்

காய்ந்த நெற்றிலிருந்து விதை எடுங்கள். தோல் கெட்டி. கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி விதைமேல் ஊற்றி, ஆறவிட்டு, ஒரு நாள் ஊறவைத்தால் போதும். அவசரக்காரர்கள் நாற்றங்காலில் பை நாற்று வாங்கலாம். பென்சில் தடிமனில் ஒன்றிரண்டு, அதைவிட மெல்லியதாக ஐந்தாறு என்று பொறுக்குங்கள். எல்லாம் ஒரே உயரமாக இருந்தால் வாங்கவே வேண்டாம். அழகர்மலைப் பக்கம் போய்ப் பிடுங்கி வரலாமா என்று கேட்காதீர்கள். அது காப்புக்காடு, 1882ஆம் ஆண்டு வனச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

தட்டும் மண்ணும்

தட்டு இரண்டு அங்குல ஆழம், ஒன்றரை அடி நீளம். மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் பலகைத் துண்டு பார்க்க அழகுதான், ஆனால் சித்திரை வெயிலில் கல் சுட்டு வேரை வேகவைத்துவிடும். என் வாக்கு மண் தட்டுக்குத்தான். விளாச்சேரி, மானாமதுரைப் பக்கம் மண்வேலை செய்பவர்களிடம் அளவு சொல்லிக் கேட்டுப் பாருங்கள். அடியில் நாலைந்து ஓட்டை கட்டாயம்.

மண் கலவை: சூளைச் செங்கல்லை உடைத்துச் சலித்த மிளகளவுத் துண்டு இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. சலித்தபின் கீழே விழும் செங்கல் தூளைச் சேர்க்கவே கூடாது. அது ஓட்டையை அடைக்கும். எம் சாண்டும் அப்படித்தான். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் பருத்திக்கு நல்லது, தட்டுக்கு ஆகாது. நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும், வெடிக்கும்போது சல்லி வேரையும் அறுத்துவிடும்.

வேர்: இங்கேதான் நிதானம்

மரங்களை எங்கே நிறுத்துவது என்றுதான் எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். தோப்பு பிழைப்பதும் சாவதும் அதற்கு முன்பே, ஆணிவேரில் கத்தரி வைக்கும்போது முடிவாகிவிடுகிறது.

உசில் வறண்ட காட்டு மரம், ஆணிவேர் நேராகக் கீழே ஓடும். இரண்டு அங்குலத் தட்டில் அது நிற்காது, வெட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் நாற்றின் பையைக் கிழித்து, ஒரே வெட்டாக வெட்டி, அன்றைக்கே தட்டில் வைத்தால் வாரத்தில் குச்சியாகிவிடும். அந்த வேரில் பக்கவேர் அநேகமாக இருக்காது. எல்லாம் பையின் அடியில் சுருண்டு கிடக்கும். ஆகவே இரண்டு தவணை. முதலில் ஆணிவேரில் பாதியை வெட்டி, அகலத் தொட்டியில் செங்கல் துண்டு அதிகமாகப் போட்டு வளர்க்க வேண்டும். நாலைந்து மாதத்தில் வெட்டுக்கு மேலே பக்கவேர் இறங்கும். அதன் பிறகுதான் மீதி வெட்டும் தட்டும். விதையிலிருந்து வளர்த்தால் வேலை சுலபம்: விரல் நீள நாற்றிலேயே ஆணிவேர் நுனியைக் கிள்ளி நட்டுவிடலாம்.

வேரைக் கழுவும்போது அங்கங்கே சின்னச் சின்ன முடிச்சு தெரியும். நோய் என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். உசில் அவரைக் குடும்பம். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும் பாக்டீரியா குடியிருக்கும் முடிச்சு அது. சந்தேகமாக இருந்தால் நகத்தால் தள்ளிப் பாருங்கள். நல்ல முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், தனியாக உதிரும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. வேரைத் தாக்கும் நூற்புழுவின் முடிச்சு என்றால் வேரே வீங்கியிருக்கும், உதிராது. அந்தக் கன்றைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், அந்த மண்ணோடு சேர்த்து.

அப்புறம் காற்று. சல்லி வேர் மாடிக் காற்றில் ஐந்து நிமிடத்தில் சுருங்கிவிடும். ஒரு கன்றைக் கையில் எடுத்தால் மற்றவை ஈரச் சாக்குக்குள் இருக்கட்டும். இந்த வேலையை ஆடியில் வைத்துக்கொள்ளவே வேண்டாம். ஆடிக் காற்று ஓய்ந்து, ஆவணி, புரட்டாசியில் சாயங்கால மழை தொடங்கும்போது செய்யுங்கள். வேரை எவ்வளவு குறைத்தீர்களோ அதே அளவுக்கு இலையையும் குறைக்க வேண்டும். மனசு வராது, ஆனால் வேறு வழியில்லை.

நிறுத்துவது

தட்டின் அடியில் மூங்கில் பத்தைகளைச் சதுரக் கட்டமாகக் கட்டி, ஓட்டை வழியாகக் கம்பி விட்டு இறுக்கிவிடுங்கள். ஒவ்வொரு மரத்தின் அடியையும் அதில் சணல் கயிற்றால் கட்டலாம். மரத்தைக் கட்டக் கம்பி வேண்டாம், சணல்தான். வேர் பிடிக்கும் வரை நிற்கும், பிறகு தானே மக்கிப்போகும். கம்பி என்றால் தண்டைக் கடிக்கும். கட்டாமல் மண்ணை மட்டும் அழுத்தி நிறுத்தினால் காற்றடிக்கும் ஒவ்வொரு தடவையும் மரம் ஆடும், புது வேர் அறுந்துகொண்டே இருக்கும்.

எண்ணிக்கை ஒற்றைப்படை. ஏழு நல்ல தொடக்கம். தடித்ததும் உயரமானதுமான மரம் முதலில், நட்ட நடுவில் அல்ல, தட்டின் ஓரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, கொஞ்சம் முன்னால். இரண்டாவது அதன் பக்கத்திலேயே. மெலிந்தவை ஓரத்துக்கும் பின்னுக்கும் போகட்டும். பின்னால் மெலிந்து போனால்தான் தூரம் தெரியும். முன்னால் உட்கார்ந்து கண் மட்டத்தில் பாருங்கள். மூன்று மரம் ஒரே கோட்டில் வந்தாலோ ஒன்றை ஒன்று மறைத்தாலோ நகர்த்துங்கள். உள்பக்கக் கிளைகளை எடுத்துவிட்டு வெளிப்பக்கக் கிளைகளை விடுங்கள், ஓர மரங்கள் வெளியே சற்றுச் சாயட்டும். நாகமலை அடிவாரத்துப் புதரில் ஒருமுறை குனிந்து பாருங்கள், வெளிச்சத்துக்காக ஓர மரங்கள் அப்படித்தான் சாய்ந்திருக்கும். ஒரு பக்கம் வெறுமையாக இருக்கட்டும், அதை நிரப்பக் கை துறுதுறுக்கும்.

மண்ணைக் குச்சியால் குத்திக் குத்தி வேர்களுக்கு இடையே இறக்க வேண்டும். கையால் அழுத்தினால் அடியில் காற்றறை நிற்கும்.

நட்ட பிறகு

மூன்று வாரம் நிழல், அப்புறம் காலை வெயில். புதுத் துளிர் வரும்வரை உரம் கிடையாது. பிறகு கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்து, தெளிந்த நீரை நன்றாக நீர்க்க ஊற்றலாம். கட்டியாகப் போட்டால் எறும்பு வரும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் தட்டு விளிம்பில் வெள்ளையாகப் பூக்கும். வாரம் ஒருமுறை மழைநீரையோ நல்ல தண்ணீரையோ ஓட்டை வழியே ஓடும்படி ஊற்றுங்கள். சித்திரை, வைகாசியில் காலையும் மாலையும் தண்ணீர், மேலே பச்சை நிழல்வலை. மண்மேல் பச்சைப் பாசி படர ஆசைப்பட வேண்டாம், மதுரையில் அது பங்குனிக்குள் காய்ந்துவிடும். சலித்த செம்மண் தூவினாலே போதும்.

பிறகு சேர்த்தது

இதைப் பார்த்து வைத்த சிலர் ஒரே பயத்தோடு வந்தார்கள்: சாயங்காலமானால் இலையெல்லாம் மடங்கிவிடுகிறது, தண்ணீர் பற்றவில்லையோ என்று ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள். உசில் இலை இரவில் மடங்கித் தூங்கும். வாடல் என்றால் காலையிலும் மடங்கியே இருக்கும், தொட்டால் தொளதொளக்கும். காலையில் விரிந்திருந்தால் பூவாளியைக் கீழே வையுங்கள்.

இன்னொரு கேள்வி, நடுவில் ஒரு மரம் செத்தால்? பிடுங்காதீர்கள். ஒரு வருடம் ஆகியிருந்தால் வேர்கள் பின்னிக் கிடக்கும், ஒன்றை இழுத்தால் மூன்றுக்குச் சேதம். மண்மட்டத்தில் அறுத்துவிட்டு, அடுத்த ஆவணியில் வேர் கத்தரிக்கும்போது இடம் இருந்தால் ஒரு மெல்லிய கன்றைச் செருகுங்கள். அதே தட்டில் அழகுக்கு ஓர் ஆல் சேர்க்கலாமா என்று கேட்டவருக்கும் பதில் வேண்டாம் என்பதுதான். இரண்டு மழைக்காலத்துக்குள் தட்டு முழுக்க ஆலின் வேராகிவிடும்.