அகஸ்டானா கல்லூரியின் பழைய கதையைத் தேடிப் போவது எப்படி

அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்தில் ராக் ஐலண்டில் இருக்கும் அகஸ்டானா கல்லூரிக்கு வருகிறவர்கள் நேராக ஓல்ட் மெயின் கட்டடத்துக்குப் போய், அதன் குவிமாடம் பின்னால் தெரியும்படி நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அதைக் கடைசிக்கு வையுங்கள் என்பதுதான் நான் சொல்லும் முதல் யோசனை. அந்தக் கட்டட வேலை தொடங்கியது 1884இல். கல்லூரி பிறந்தது 1860இல், அதுவும் இந்த ஊரில் இல்லை. நடுவில் கழிந்த அந்த வருடங்களில்தான் ருசியான கதையெல்லாம் இருக்கிறது. குவிமாடத்தைப் பார்த்தால் அது ஒன்றும் தெரியாது.

நான் பக்கத்து ஊரான மோலீனில் குடியிருக்கிறேன். டிராக்டர் கம்பெனி வேலைக்கு வந்த நம்மவர்கள் இங்கே உண்டு. ஊரிலிருந்து யாராவது வந்தால் மிசிசிப்பி ஆற்றைக் காட்டிய கையோடு நான் கூட்டிப்போவது இந்தக் கல்லூரிக்குத்தான். ஸ்வீடனிலிருந்து கையில் பணமில்லாமல் வந்து இறங்கிய ஜனங்கள், பத்துப் பதினோரு வருடத்துக்குள் உயர்கல்விக்கு ஒரு இடத்தை உண்டாக்கினார்கள் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியமாகவே இருக்கிறது. அதை நீங்களும் சரியான வரிசையில் பார்க்க வேண்டும் என்று ஆசை. போகிற ஒவ்வொரு இடத்திலும் இரண்டே கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: ஏன் இங்கே வந்தார்கள்? பணம் யார் கொடுத்தது?

சிகாகோவிலிருந்து காரில் வருவதானால் மூன்று மணி நேரம் ஆகும். காலையிலேயே புறப்பட்டு, ராக் ஐலண்டுக்கு முன்னால் ஆண்டோவர் என்ற சிற்றூருக்குப் போய்விடுங்கள். சுற்றிலும் சோளக்கொல்லை. அங்கே ஜென்னி லிண்ட் சேப்பல் என்ற சின்ன தேவாலயம் இருக்கிறது. உள்ளே போகும் முன் வெளியே நின்று கூரையைப் பாருங்கள். மணிக்கோபுரம் இருக்காது. கோபுரத்துக்கென்று வைத்திருந்த மரத்தைக் காலராவில் இறந்தவர்களுக்குச் சவப்பெட்டி செய்ய எடுத்துவிட்டார்கள் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. வேலை முடியும் முன்பே கீழ்த்தளத்தில் நோயாளிகளைப் படுக்க வைத்தார்களாம். ஒரு நிமிடம் அந்தக் கூரையையே பார்த்துக்கொண்டு நில்லுங்கள். பிறகு பார்க்கும் எல்லாவற்றுக்கும் அளவுகோல் அதுதான்.

இங்கே வந்த பாதிரியார் லார்ஸ் பால் எஸ்பியோர்ன். ஸ்வீடன் அரசுத் திருச்சபையில் குருவாக இருந்தவர், 1849இல் குடியேறிகள் கூட்டத்தோடு கப்பலேறி வந்தார். மறு வருடம் ஆண்டோவரில் பத்தே பேரோடு சபை தொடங்கினார். கோயில் கட்டப் பணம் இல்லை. கிழக்கு மாகாணங்களுக்குப் போய்க் கையேந்தினார். அப்போது அமெரிக்காவில் கச்சேரிச் சுற்றுப்பயணத்தில் இருந்த ஸ்வீடன் பாடகி ஜென்னி லிண்ட் 1,500 டாலர் கொடுத்தார். சேப்பலுக்கு அவர் பெயர் வந்தது அப்படித்தான்.

சரி, கோயிலிலிருந்து கல்லூரிக்கு எப்படி வந்தது? ஆள் பஞ்சம்தான் காரணம். குடியேறிகள் வந்துகொண்டே இருந்தார்கள். ஸ்வீடனிலிருந்து இந்தப் புல்வெளிக்கு வரச் சம்மதித்த குருமார்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். வராதவர்களுக்காகக் காத்திருப்பதைவிட, இங்கே இருக்கும் பையன்களைப் படிக்க வைத்து நாமே போதகர்களை உண்டாக்கிக்கொள்வோம் என்ற முடிவுக்கு வந்தார்கள். 'பண்பாட்டைக் காக்கத் தொடங்கிய கல்லூரி' என்று சுற்றுலாக் கையேட்டு நடையில் சொல்வதை நான் முழுதாக ஒப்புக்கொள்வதில்லை. பண்பாடு கூடவே வந்தது, உண்மைதான். ஆனால் பிரசங்க மேடையில் நிற்க ஆள் வேண்டியிருந்தது, அதுதான் முதல் அவசரம்.

முதலில் தனிக் கல்லூரி வைக்கவில்லை. இல்லினாய் மாகாணத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் லுத்தரன்கள் (மார்ட்டின் லுத்தரின் வழியைப் பின்பற்றும் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள்) நடத்திய ஒரு கல்லூரியில் 1858இல் எஸ்பியோர்ன் ஸ்காண்டிநேவியப் பேராசிரியராகச் சேர்ந்தார். அங்கிருந்த அமெரிக்க லுத்தரன்கள் கோட்பாட்டில் ரொம்பத் தளர்வாக இருக்கிறார்கள் என்பது அவர் மனத்தாங்கல். 1860 வசந்தத்தில் ராஜினாமா செய்துவிட்டுச் சிகாகோவுக்குக் கிளம்ப, ஸ்காண்டிநேவிய மாணவர்களும் அவர் பின்னாலேயே போய்விட்டார்கள். அதே வருடம் ஜூன் மாதம் விஸ்கான்சினில் ஜெஃபர்சன் பிரெய்ரி என்ற இடத்தில் ஸ்வீடன்காரர்களும் நார்வேக்காரர்களும் கூடித் தங்களுக்கென்று அகஸ்டானா சினாட் என்ற சபைகளின் கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். 1530இல் ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன்கள் முன்வைத்த விசுவாச அறிக்கையின் நினைவாக வைத்த பெயர். அந்தச் சினாடின் கல்லூரிதான் அகஸ்டானா; முதலில் சிகாகோவில், ஒரு ஸ்வீடன் சபையின் கோயில் கட்டடத்திலேயே நடந்தது. எஸ்பியோர்ன்தான் முதல் தலைவர். இவ்வளவையும் ஆண்டோவரில் வைத்தே கூட வந்தவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். பிறகு காம்பஸில் கட்டடம் கட்டடமாக நடக்கும்போது கதை கோர்வையாகப் புரியும்.

ஆண்டோவருக்குப் பக்கத்தில் பிஷப் ஹில் என்று இன்னொரு ஸ்வீடன் குடியிருப்பு உண்டு. அழகான ஊர், தாராளமாகப் போங்கள். ஆனால் அதை இந்தக் கல்லூரியின் கதையோடு சேர்த்துவிடாதீர்கள். 1846இல் அதை நிறுவிய எரிக் யான்சனின் கூட்டம் ஸ்வீடனில் லுத்தரின் நூல்களையே தீயில் போட்டது. எஸ்பியோர்னுக்கு அவர்கள் எதிர்முகாம்.

அடுத்து இல்லினாயிலேயே இருக்கும் பாக்ஸ்டன் என்ற ஊர். 1863இல் கல்லூரி அங்கே மாறியது. ராக் ஐலண்டுக்குப் போகும் வழியில் இல்லாததால் நேரில் போக வேண்டியதில்லை, ஆனால் கேள்வியை விடாதீர்கள்: ஏன் அங்கே? இல்லினாய் சென்ட்ரல் ரயில்வேயிடம் விற்பனைக்கு ஏராளமான நிலம் கிடந்தது. ஸ்வீடன்காரர்களுக்கு நிலம் விற்றுக் கொடுத்தால் ஏக்கர் கணக்கில் கல்லூரிக்குக் கமிஷன் என்று ஒப்பந்தம். கல்லூரி அங்கே இருந்தால் ஜனங்கள் வருவார்கள், ஜனங்கள் வந்தால் நிலம் விற்கும், நிலம் விற்றால் கல்லூரி பிழைக்கும். காகிதத்தில் அருமையான கணக்கு. ஆனால் ஜனங்கள் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. 1860களின் கடைசியில் ஸ்வீடனில் பஞ்சம் வந்து கூட்டம் கூட்டமாகப் புறப்பட்டவர்களில் பலர் மினசோட்டா, அயோவா, கேன்சஸ் என்று மேற்கே போய்விட்டார்கள். 1870இல் நார்வேக்காரர்களும் சினாடைவிட்டுப் பிரிந்து போனார்கள்.

இந்தக் கஷ்டகாலம் முழுக்கக் கல்லூரியைத் தாங்கியவர் இரண்டாவது தலைவர் ஹாசல்குவிஸ்ட். 1863 முதல் 1891 வரை, சாகும் வரைக்கும் அவர்தான். ஏற்கெனவே 1855இல் கேல்ஸ்பர்கில் 'ஹெம்லாண்டெட்' என்ற ஸ்வீடன் மொழிப் பத்திரிகையைத் தொடங்கியவர். எஸ்பியோர்ன் அதற்குள் ஸ்வீடனுக்கே திரும்பிப் போயிருந்தார். தொடங்கியவரைத்தான் எல்லோரும் கொண்டாடுவார்கள். என் ஓட்டு ஹாசல்குவிஸ்டுக்கு.

1875இல் கல்லூரி ராக் ஐலண்டுக்கு வந்தது. இங்கே நின்று 'ஏன் இங்கே?' என்று கேட்டால் பதில் சுலபம். ஆறு, ரயில் பாதை, பக்கத்திலேயே மோலீனில் ஜான் டீர் கலப்பைத் தொழிற்சாலையிலும் மற்ற ஆலைகளிலும் கூலி வாங்கிய ஸ்வீடன் தொழிலாளர்கள். மேற்கே போய்விட்ட ஜனங்களுக்கும் பாக்ஸ்டனைவிட இதுதான் கிட்டம்.

காம்பஸுக்குள் வந்ததும் முதலில் டெங்க்மன் கட்டடத்துக்குப் போங்கள். 1911இல் நூலகமாகக் கட்டப்பட்டது. பணம் கொடுத்தது மர வியாபாரத்தில் பெருத்த டெங்க்மன் குடும்பம். அவர்கள் ஜெர்மன் வம்சம் என்பதைக் கவனியுங்கள். ஊரார் கல்லூரியைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டதற்கு அது ஒரு அடையாளம். இப்போது அங்கே ஸ்வென்சன் ஸ்வீடிஷ் இமிக்ரேஷன் ரிசர்ச் சென்டர் என்ற ஸ்வீடன் குடியேற்ற ஆய்வு மையம் இயங்குகிறது. 1981இல் தொடங்கியது. அமெரிக்காவிலிருந்த ஸ்வீடன் சபைகளின் பதிவேடுகள் மைக்ரோஃபிலிமில் இங்கே இருக்கின்றன. சும்மா கதவைத் தட்டிக்கொண்டு போகாதீர்கள். எந்தச் சபை, எந்தக் காலம் என்று குறிப்பிட்டு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

நீங்கள் ஸ்வீடன் வம்சம் இல்லையே, எதற்கு இது என்று தோன்றலாம். ஒரு பக்கம் மட்டும் பாருங்கள், போதும். மோலீன் சபையைக் கேட்பது என் வழக்கம். சென்சஸ் போலக் குடும்பம் குடும்பமாக எழுதியிருப்பார்கள். மேலே குடும்பத் தலைவன், கீழே மனைவி, அப்புறம் வயது வரிசையில் பிள்ளைகள். பிறந்த தேதி, ஸ்வீடனில் எந்தப் பங்கு (ஒரு கோயிலுக்கு உட்பட்ட வட்டாரம்), எப்போது அமெரிக்கா வந்தார்கள், எங்கே இடம் மாறினார்கள் என்று குறுக்கே கட்டங்கள். பிறந்த ஊர்க் கட்டத்தில் விரலை வைத்துக் கீழே இறக்கிக்கொண்டே வாருங்கள். அப்பா அம்மாவுக்கு ஸ்வீடனின் ஸ்மோலண்ட் பகுதியில் ஏதோ ஒரு கிராமம். மூத்த பிள்ளைக்கும் அதே கிராமம். அடுத்த பிள்ளைக்கு மோலீன். அந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் ஒரு சமுத்திரம் கிடக்கிறது. சில பெயர்கள் மேல் கோடு இழுத்திருக்கும்: வேறு ஊருக்குப் போனவர்கள், அல்லது இறந்தவர்கள். கல்லூரிக்குச் சபைகளிலிருந்து காணிக்கை வந்தது என்று படிக்கிறோமே, அதைக் கொடுத்தவர்கள் இந்தப் பட்டியலில் இருக்கும் மனிதர்கள்தான்.

பதிவேட்டைப் படிக்கச் சில உபாயங்கள். தேதியில் நம் ஊர் மாதிரியே நாள் முதலில், மாதம் பிறகு; அமெரிக்கப் பழக்கத்தில் மாற்றிப் படித்துவிடாதீர்கள். மேலே வட்டமோ புள்ளியோ போட்ட மூன்று உயிரெழுத்துகள் (å, ä, ö) ஸ்வீடன் அகரவரிசையில் கடைசியில் வரும். எஸ்பியோர்ன் மாதிரி பெயருக்கு நடுவே அந்த எழுத்து வந்தாலும் வரிசை மாறும், அட்டவணையில் தேடும்போது நினைவிருக்கட்டும். அந்தக் காலத்துக் கிராமத்தாரில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஆண்டர்ஸ் என்பவரின் மகன் லார்ஸ் என்றால் அவர் லார்ஸ் ஆண்டர்சன். அவர் மகன் பீட்டர் என்றால் பீட்டர் லார்சன். நம் இனிஷியல் தலைமுறைக்குத் தலைமுறை மாறுவது போலத்தான், தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம். அதனால் பெயரை மட்டும் வைத்துத் தேடாமல், பிறந்த தேதியையும் பங்கையும் சேர்த்துத் தேடுங்கள்.

அடுத்து ட்ரெட்வே நூலகம். இங்கே சிறப்புத் தொகுப்புகள் பிரிவு இருக்கிறது. அதற்கும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். 1860களின் தொடக்கத்தில் ஸ்வீடன் மன்னர் பதினைந்தாம் கார்ல் தன் சொந்த நூலகத்திலிருந்து சுமார் 5,000 நூல்களை இந்த ஏழைக் கல்லூரிக்குக் கொடுத்தார். அதில் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துத் துண்டுப் பிரசுரங்கள் ஒரு பெரிய அடுக்கு. ஸ்வீடன் அரசரிடம் அது எப்படி வந்தது என்று குழம்ப வேண்டாம்: அவர் தாத்தா நெப்போலியனின் தளபதியாக இருந்து பிறகு ஸ்வீடனின் அரசரான பெர்னடோட். இல்லினாய் வயல்வெளியில் போதகராகப் படித்துக்கொண்டிருந்த விவசாயி வீட்டுப் பையனின் கைக்கெட்டும் தூரத்தில் பாரிஸ் புரட்சியின் பிரசுரங்கள் இருந்திருக்கின்றன. இந்தக் கல்லூரியில் எனக்கு மிகப் பிடித்த செய்தி இதுதான்.

இப்போது ஓல்ட் மெயினுக்குப் போகலாம். 1889இல் பிரதிஷ்டை ஆனது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தின் பிரதானக் கட்டடத்தை மனதில் வைத்துக் கட்டியது என்பார்கள். ஆண்டோவரின் கோபுரமில்லாத கூரையைப் பார்த்துவிட்டு இந்தக் குவிமாடத்தைப் பார்க்கும்போது அதன் உயரம் வேறு மாதிரி தெரியும். பக்கத்துக் குன்றில் இருக்கும் மணிக்கோபுரம் 1930களில் எழுபத்தைந்தாம் ஆண்டு நினைவாக எழுந்தது; குன்றேறிப் பார்த்துவிட்டு வாருங்கள், அதற்கு மேல் அங்கே வேலை இல்லை.

எந்த மாதம் வருவது என்று கேட்டால், டிசம்பர். குளிர் கடுமைதான், இருந்தாலும் 13ஆம் தேதியை ஒட்டி வரும் லூசியா என்ற ஸ்வீடன் விழாவில் தலையில் ஒளிக்கிரீடத்தோடு வெள்ளையுடைப் பெண்கள் பாடி வருவதைக் குழந்தைகள் மறக்கமாட்டார்கள். இசைப் பிரியர்கள் ஹாண்டல் ஆரடோரியோ சொசைட்டி என்ற பாடகர் குழுவின் நிகழ்ச்சித் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பேராசிரியர் ஓலோஃப் ஓல்சன் லண்டனில் ஹாண்டல் இயற்றிய 'மெசையா' என்ற பக்தி இசைப் படைப்பைக் கேட்டு உருகிப்போய் வந்தவர். அவர் தூண்டுதலில் 1881இல் இங்கே தொடங்கியது அது. அவரே பின்னாளில் கல்லூரியின் மூன்றாவது தலைவரும் ஆனார்.

நம் ஊரிலிருந்து வருகிறவர்கள், சிவகங்கைப் பக்கம் திருப்பத்தூரில் ஸ்வீடிஷ் மிஷன் ஆஸ்பத்திரி இருக்கிறதே, இவர்கள்தானா அது என்று கேட்பார்கள். இல்லை. தமிழ்நாட்டில் வேலை செய்தது ஸ்வீடன் நாட்டுத் திருச்சபையின் மிஷன். அகஸ்டானா சினாட் 1870களின் கடைசியில் தன் ஆளை அனுப்பியது ஆந்திரப் பக்கம் ராஜமுந்திரிக்கு.

இது பிடித்துப்போனால் இதே இரண்டு கேள்விகளோடு இங்கே ஸ்வீடன் குடியேறிகள் தொடங்கிய மற்ற கல்லூரிகளுக்கும் போகலாம். கேன்சஸில் லிண்ட்ஸ்பார்கின் பெத்தனி 1881இல் தொடங்கியது. ஈஸ்டரை ஒட்டிப் போனால் அவர்களுடைய 'மெசையா'வையும் கேட்கலாம். மினசோட்டாவின் கஸ்டாவஸ் அடால்ஃபஸ் 1862இல் ரெட் விங்கில் எரிக் நொரேலியஸ் நடத்திய சின்னப் பள்ளியாகத் தொடங்கி, 1876இல் செயின்ட் பீட்டருக்குப் போய்ச் சேர்ந்தது. மினியாபொலிஸில் இருப்பவர்கள் ரெட் விங்கில் தொடங்கி, செயின்ட் பீட்டரைக் கடைசிக்கு வையுங்கள்.