டிக்கெட்டில் ஆறு மணி நேரம், வானத்தில் பதினொன்றேகால்

பல்லாவரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். தலைக்கு மேலே நாள் பூரா விமானம் போகும், ஆனால் நான் ஏறியது லண்டனில் மகளுக்குப் பிரசவம் ஆனபோதுதான். ஜனவரி மாதம். டிக்கெட்டில் சென்னை காலை 5.30, லண்டன் 11.15 என்று போட்டிருந்தது. "மதுரைக்குப் போற நேரம்தான்" என்று வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டேன். அதை நம்பி ஒரு வேளை சுகர் மாத்திரையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, மீதி அட்டையைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டாள். நம்மூர் மணி மதியம் ஒன்று. எதிர்த் திரையில் இன்னும் மூன்றே முக்கால் மணி நேரம் பாக்கி என்று காட்டுகிறது. அவள் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டாம்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் மணி. குளிர்காலத்தில் லண்டன் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். 11.15-ஓடு ஐந்தரையைக் கூட்டினால் நம்மூர் மணி மாலை 4.45. காலை 5.30-லிருந்து அதுவரை எண்ணினால் பதினொன்றேகால் மணி நேரம். மார்ச் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு வரைக்கும் நாலரை கூட்டினால் போதும்.

டிக்கெட் எடுக்கும் முன்பே உத்தேசம் தெரிய வேண்டுமா? பேரனின் 30 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள உலக உருண்டையில் என் அளவு டேப்பை வைத்துப் பார்த்தேன். இடுப்பளவு எடுக்கிற மாதிரி நடுவில் சுற்றினால் 94 சென்டிமீட்டர். பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர், ஆக ஒரு சென்டிமீட்டருக்கு 425. சென்னையிலிருந்து லண்டனுக்கு டேப்பைத் தொய்வில்லாமல் இழுத்துப் பிடித்தால் 19.4 வந்தது. பெருக்கினால் 8,245. மீனம்பாக்கத்துக்கும் லண்டன் விமான நிலையமான ஹீத்ரோவுக்கும் நேர்த் தூரம் சுமார் 8,230 கிலோமீட்டர். தையல்காரன் கைக்கு இது மோசமில்லை. சுவரில் மாட்டுகிற வரைபடத்தில் மட்டும் ஸ்கேல் வைக்காதீர்கள். அதில் கோடு இராக் பக்கம் போகும், உருண்டையிலோ டேப் காஸ்பியன் கடல் மேல் போகிறது. உருண்டையான உடம்பைத் தட்டைத் துணியில் வெட்டினால் எங்காவது இழுக்கத்தானே செய்யும்.

விமானம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் போகும். தூரத்தை 900-ஆல் வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்தால் ஒன்பதரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். லண்டன் போகும்போது இன்னும் ஒரு மணி, ஒன்றரை மணி சேருங்கள். அந்த உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று அடிக்கும், அதை எதிர்த்துப் போக வேண்டும். சண்டை நடக்கிற நாடுகளைச் சுற்றிக்கொண்டு போனாலும் நேரம் கூடும். வரும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும்: பகல் 1 மணிக்கு ஏறி மறுநாள் விடியற்காலை 4.15-க்கு இறங்கினோம், ஒன்பதே முக்கால்.

மாத்திரையை எந்த ஊர் நேரத்துக்குப் போடுவது என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரி இப்போதெல்லாம் மூன்று அட்டையும் கைப்பையில்தான் வைக்கிறாள். லண்டனில் மகள் வீட்டு வாசல் ஏறும்வரை என் கைக்கடிகார முள்ளைத் திருப்ப விடுவதில்லை.