ஸ்பீக்கரில் கேட்கும் முனகலும் பவர் சப்ளையும்: சரிபார்க்கும் முறை

பாட்டு எதுவும் ஓடாத நேரத்திலும் ஸ்பீக்கரில் மெல்லிய முனகல் கேட்டால், பலரும் முதலில் பவர் சப்ளையின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் ஃபில்டர் கெப்பாசிட்டரை இன்னும் பெரிதாக மாற்றிப் பார்க்கிறார்கள். சில வேளைகளில் அது பலன் தரும்; பல வேளைகளில் முனகல் அப்படியே இருக்கும், சில ஆம்ப்ளிஃபயர்களில் கூடியும் விடும். ஸ்பீக்கரை அசைக்கும் மின்சாரம் முழுவதும் பவர் சப்ளையிலிருந்தே வருகிறது என்பதால், கெப்பாசிட்டரின் அளவைப் பார்ப்பதற்கு முன்பு அந்த மின்சாரம் எந்தக் கம்பி வழியாகப் போய் எந்தக் கம்பி வழியாகத் திரும்புகிறது என்று பார்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

முதல் சோதனைக்குப் பெட்டியைத் திறக்கவே தேவையில்லை. உள்ளீட்டுக் கேபிள்கள் அனைத்தையும் கழற்றிவிட்டுக் கேளுங்கள். முனகல் நின்றுவிட்டால், இரண்டு கருவிகளின் எர்த் இணைப்புகளுக்கு இடையே உருவான சுற்றுவழிதான் பெரும்பாலும் காரணம். அதற்காக எந்தக் கருவியின் எர்த் பின்னையும் ஒருபோதும் துண்டிக்கக் கூடாது, ஏனெனில் அது உயிர் காக்கும் இணைப்பு. கழற்றிய பிறகும் நிற்கவில்லை என்றால் அதன் தன்மையைக் கவனியுங்கள். ஆழ்ந்து, மென்மையாக ஒலிப்பது வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸாக இருக்கலாம். டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் அருகிலுள்ள கம்பிகளில் ஏறும்போது இது வரும். வண்டு ரீங்கரிப்பதுபோல் கரகரப்பாக ஒலிப்பது, மாறுமின்சாரத்தை ஒரே திசையில் பாயவைக்கும் டயோடு பிரிட்ஜுக்குப் பின் தோன்றும் 100 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் ஆகும். (60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடங்களில் இது 120 ஆக இருக்கும்.)

இந்தக் கரகரப்பு எப்படிப் பிறக்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கெப்பாசிட்டர் எப்போதும் சீராக நிரம்புவதில்லை. மாறுமின்சாரத்தின் அலை உச்சியைத் தொடும் சிறு நேரத்தில் மட்டுமே நிரம்புகிறது. ஒவ்வொரு 10 மில்லிவினாடியிலும் 2 மில்லிவினாடி மட்டும் நிரம்புவதாகக் கொண்டால், ஆம்ப்ளிஃபயர் சராசரியாக 2 ஆம்பியர் எடுக்கும்போது டயோடுகளுக்கும் கெப்பாசிட்டருக்கும் இடையே 10 ஆம்பியர் வீச்சில் துடிப்புகள் பாயும். 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டு கொண்ட செம்புக் கம்பி 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு 1.7 மில்லிஓம் தடை கொண்டது. அதில் 10 ஆம்பியர் பாய்ந்தால் 17 மில்லிவோல்ட் உருவாகும். இசைத்தட்டைப் படிக்கும் ஊசி பொருந்திய மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் தருவதோ 5 மில்லிவோல்ட் அளவுதான். உள்ளீட்டின் கிரவுண்டை (சுற்றின் பூஜ்ய வோல்ட் இணைப்பை) அந்தக் கம்பியின் நடுவில் எங்கோ பற்றவைத்துவிட்டால், இசையைவிடப் பெரிய இரைச்சல் நேராக உள்ளே நுழைகிறது.

ஆகவே டிரான்ஸ்ஃபார்மரின் நடுமுனையை (இரு பக்கத்துக்கும் பொதுவான கம்பியை), பிளஸ், மைனஸ் பக்கங்களின் இரண்டு கெப்பாசிட்டர்களும் சந்திக்கும் இடத்துக்கு நேரடியாகக் கொண்டு வாருங்கள். அந்தச் சந்திப்பிலிருந்து ஒரே ஒரு குட்டையான கம்பியை எடுத்து, அதன் மறுமுனையை நட்சத்திரப் புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரின் திரும்பும் கம்பி, ஆம்ப்ளிஃபயர் போர்டின் கிரவுண்ட், உள்ளீட்டின் கிரவுண்ட் ஆகிய மூன்றும் அந்தப் புள்ளியில் தனித்தனியே வந்து சேர வேண்டும். நான் பழுது பார்த்த ஒரு ஆம்ப்ளிஃபயரில், உள்ளீட்டு கிரவுண்டை மூன்று விரற்கடை தள்ளிப் பற்றவைத்ததுமே, ஒரு மாதமாக விடாத கரகரப்பு நின்றது. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து பிரிட்ஜுக்குப் போகும் கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி, உள்ளீட்டுக் கம்பிகளுக்கு எட்டத்தில் கொண்டு செல்வதும் அவசியம்.

இனி கெப்பாசிட்டரின் அளவு. 8 ஓம் ஸ்பீக்கரில் 50 வாட் தர 28 வோல்ட் உச்சம் தேவை. 25-0-25 டிரான்ஸ்ஃபார்மர் (நடுமுனையின் இருபுறமும் 25 வோல்ட்; அதன் அலை உச்சம் ஏறத்தாழ 35) டயோடு இழப்பு போக ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 34 வோல்ட் தரும். பாரம் ஏறும்போது அதில் சில வோல்ட் இறங்கும், வெளியீட்டு டிரான்சிஸ்டர்களும் தம் பங்குக்கு 2, 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும். முழு ஒலியில் ஒவ்வொரு பக்கமும் சராசரி 1.1 ஆம்பியர் இழுக்கும்போது, 4,700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரில் ரிப்பிள் (மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கம்) 2.3 வோல்ட்டையும் 10,000 மைக்ரோஃபாரட்டில் 1.1 வோல்ட்டையும் நெருங்கும். இந்த மாற்றம் பயனுள்ளது. கனமான தாழ்சுருதிகளில் ஒலி நசுங்குவது குறையும். ஆனால் 10,000 என்பதை 40,000 ஆக்கினால் மிச்சமாவது முக்கால் வோல்ட் சொச்சம், அதாவது ஏறத்தாழ கால் டெசிபெல் மட்டுமே. அதற்கு விலையாக நிரம்பும் துடிப்பு இன்னும் குறுகி, இன்னும் உயர்ந்துவிடுகிறது. கிரவுண்ட் தவறாக இருந்தால் கரகரப்பு கூடுவது இதனால்தான்.

சிறு சிக்னலை முதலில் பெருக்கும் ப்ரீ-ஆம்ப்ளிஃபயருக்கு, வோல்ட்டை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் கட்டாயம் வேண்டும். ரிப்பிளின் அடிமட்டத்திலும் அதன் உள்ளீடு வெளியீட்டைவிட 3 வோல்ட் உயரமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மின்சாரத்தை அதிவேகமாக விட்டுவிட்டுச் செலுத்தி இயங்கும் ஸ்விட்ச்-மோட் சப்ளையை, பெயரைக் கேட்டவுடனேயே ஒதுக்குவது நியாயமன்று. நன்றாக வடிவமைத்தது அமைதியாகவே இயங்கும்.

பழைய கருவியென்றால் மேற்புறம் உப்பிய கெப்பாசிட்டர்களை முதலில் மாற்றுங்கள். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பதால், 105 டிகிரி வெப்பம் தாங்கும் வகையை வாங்கி, சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்கிலிருந்து தள்ளிப் பொருத்துங்கள்.

திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்குவது மட்டும் போதாது. கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரத்தை, அதன் இரு முனைகளையும் ஸ்க்ரூ டிரைவரால் நேரடியாக இணைத்து வெளியேற்றாமல், 220 ஓம், 5 வாட் ரெசிஸ்டரைக் காப்பிட்ட பிடியோடு ஒவ்வொரு கெப்பாசிட்டரின் குறுக்கேயும் கால் நிமிடம் வைத்து, மல்டிமீட்டர் 1 வோல்ட்டுக்குக் கீழே காட்டிய பிறகே கை வையுங்கள். வேலை முடிந்ததும் முதன்முறை 60 வாட் இழை பல்பை மெயின்ஸ் கம்பியில் சீரிஸில் (மின்சாரம் பல்பின் வழியாகவே கருவிக்குப் போகும்படி) போட்டு இயக்குங்கள். அது ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்லது, மங்காமல் எரிந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். பிறகு பல்பை எடுத்துவிட்டு, ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேளுங்கள். கம்பிகள் அனைத்தும் சரியான இடத்தில் இருந்தும் கரகரப்பு மிஞ்சினால், அப்போது கெப்பாசிட்டரை மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.