சிங்கப்பூர் எம்ஆர்டி மெட்ரோ ரயிலில் குடும்பத்தோடு முதல் பயணமா? உம்மாவைத் தவறவிட்ட நாளில் நாங்கள் கற்ற வழிமுறை

கீழக்கரையில் வீட்டுக்கு ஒருவராவது கடலுக்கு அப்பால் இருப்பார். எங்கள் வீட்டில் மச்சான். போன கோடை விடுமுறையில் அவரைப் பார்க்க சிங்கப்பூர் போனோம். உம்மா (அம்மா), லாத்தா (அக்கா), லாத்தாவின் இரண்டு பிள்ளைகள், நான், என் மகள் என்று ஆறு பேர். ஞாயிற்றுக்கிழமை மச்சானுக்கு வேலை இருந்ததால், மெர்லயன் சிங்கச் சிலையை நாங்களே பார்த்துவிட்டு வருகிறோம் என்று கிளம்பினோம். டோபி காட் ஸ்டேஷனில் உம்மாவும் லாத்தாவின் ஐந்து வயது மகனும் ரயிலில் ஏறினார்கள். நாங்கள் ஏறுவதற்குள் கதவு மூடிவிட்டது. அவர்களைத் திரும்பப் பார்க்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

அந்த ஒரு மணி நேரம் வேறு எந்தக் குடும்பத்துக்கும் வரக் கூடாது. வயதானவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு முதல்முறை போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: ஊரிலேயே ஒரு சீட்டு எழுதுங்கள்

ஒரு சின்ன அட்டையில் தங்கும் இடத்துக்குப் பக்கத்து ஸ்டேஷன் பெயர், அங்கே இருக்கும் சொந்தக்காரரின் எண், உங்கள் எண் மூன்றையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். சிங்கப்பூர் எண்ணுக்கு முன்னால் +65 போட மறக்க வேண்டாம். பிள்ளைகள் உட்பட ஒவ்வொருவர் பையிலும் ஒன்று இருக்கட்டும். போனில் எல்லாம் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். உம்மாவின் போனில் அன்று அந்த ஊர் சிம்மே இல்லை.

சென்னையிலிருந்து விமானம் ஏறுகிறவர்கள் சில மணி நேரம் முன்னதாகப் போய், விமான நிலையத்திலேயே இருக்கும் மெட்ரோவில் ஒருமுறை போய் வாருங்கள். தரைக்கடியில் உள்ள ஸ்டேஷன்களில் அதே மாதிரி கண்ணாடிக் கதவு, அதே மாதிரி கேட். பெரியவர்களுக்குப் பாதி பயம் அங்கேயே போய்விடும்.

படி 2: பெயரை விட்டுவிட்டு நிறத்தையும் எண்ணையும் பிடியுங்கள்

ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு நிறம். வடக்கு-தெற்கு சிவப்பு, கிழக்கு-மேற்கு பச்சை, வடகிழக்கு ஊதா, டவுன்டவுன் தடம் நீலம். ஸ்டேஷனுக்கு எழுத்தோடு ஓர் எண் இருக்கும். லிட்டில் இந்தியா ஊதாத் தடத்தில் என்இ 7, அடுத்த டோபி காட் என்இ 6. எண் இறங்குகிறதா ஏறுகிறதா என்று பார்த்தாலே எந்தப் பக்கம் போகிறோம் என்று தெரிந்துவிடும். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத உம்மாவுக்கு இதை முதல் நாளே சொல்லிக்கொடுத்திருக்கலாம். அன்று எனக்கே தெரியாது.

படி 3: ஆளுக்கொரு பயண அட்டை, அவரவர் கையில்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

ராமநாதபுரம் பஸ்ஸில் நாம் எப்படிப் போவோம்? ஒருவர் கையை நீட்டி "கீழக்கரை ஆறு" என்று டிக்கெட் வாங்கிவிடுவார். மற்றவர்கள் சன்னலோரம் உட்கார்ந்து வருவார்கள். இறங்கும் இடத்தைக் கண்டக்டர் கூவுவார். அங்கே அப்படி இல்லை. ஒருவர் அட்டையில் ஒருவர்தான் போக முடியும், உள்ளே போகவும் வெளியே வரவும் அதையே தட்ட வேண்டும். ஒரு பயணத்துக்கான டிக்கெட் விற்பதையும் 2022-லேயே நிறுத்திவிட்டார்கள்.

ஈசி-லிங்க் என்ற பயண அட்டை வாங்கினால் 5 வெள்ளி அட்டைக்கே போய்விடும், திரும்ப வராது. (டாலரை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள்.) மேற்கொண்டு பணம் ஏற்றிக்கொள்ளலாம். தட்டிப் பணம் கட்டும் வசதியுள்ள விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டையும் செல்லும். நம் நாட்டு வங்கி அட்டை என்றால் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளும் 60 காசு கூடுதலாகப் பிடிப்பார்கள். 0.9 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைக்குக் கட்டணம் இல்லை. அதைவிட உயரமாகி ஏழு வயது ஆகாத பிள்ளைக்குச் சிறுவர் சலுகை அட்டை உண்டு. பாஸ்போர்ட்டோடு ஸ்டேஷன் டிக்கெட் அலுவலகத்தில் கேளுங்கள்.

நான் செய்த தவறு, எல்லோரையும் உள்ளே விட்டதும் அட்டைகளை வாங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டதுதான். தொலைத்துவிடுவார்களோ என்ற பயம். அதனால் உம்மா ரயிலில் போனபோது அவர் கையில் அட்டையும் இல்லை, சீட்டும் இல்லை. கழுத்தில் மாட்டும் உறையில் அட்டையைப் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

படி 4: கேட்

வலது கைப் பக்கம் தட்டுங்கள், திறந்ததும் நிற்காமல் நடங்கள். மூட்டை, தள்ளுவண்டி இருந்தால் அகலமான கேட். எஸ்கலேட்டரில் இடது பக்கம் நில்லுங்கள், வலது பக்கம் நடக்கிறவர்களுக்கு.

படி 5: ஏறும் வரிசையை முன்பே முடிவு செய்யுங்கள்

நடைமேடைக்கு இறங்கும் முன் தடத்தின் கடைசி ஸ்டேஷன் பெயரைப் பாருங்கள். திசையைப் பலகையில் அப்படித்தான் போட்டிருப்பார்கள். நாங்கள் இறங்க வேண்டிய ராஃபிள்ஸ் பிளேஸுக்கு மரினா சவுத் பியர் போகும் ரயில்.

கதவுக்கு நேராக நிற்காமல் இரண்டு ஓரத்திலும் நின்று, இறங்குகிறவர்களை விட்டு ஏறுங்கள். முதலில் வழி தெரிந்த ஒருவர், நடுவில் பிள்ளைகளும் பெரியவர்களும், கடைசியில் இன்னொருவர். கூட்டம் இருந்தால் அந்த ரயிலை விட்டுவிடுங்கள். சில நிமிடங்களில் அடுத்தது வரும். நம்மூர் ஸ்டேஷனில் ரயிலை விட்டால் பாதி நாள் போய்விடும், அந்தப் பழக்கத்தில்தான் உம்மா பையனைப் பிடித்துக்கொண்டு முந்தி ஏறினார். மணி அடித்த பிறகு யாரும் பாயக் கூடாது.

படி 6: பிரிந்துவிட்டால்

வீட்டிலேயே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் போனவர் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, இறங்கிய இடத்திலேயே நிற்க வேண்டும். விடுபட்டவர்கள் அதே திசையில் அடுத்த ரயிலைப் பிடித்து அங்கே இறங்க வேண்டும். அவ்வளவுதான்.

எங்களிடம் விதி இல்லை. உம்மா ராஃபிள்ஸ் பிளேஸுக்குத்தான் போவார் என்று நான் நேராக அங்கே போனேன். உம்மாவோ அடுத்த ஸ்டேஷனான சிட்டி ஹாலிலேயே இறங்கிவிட்டார். எதிர்ப்பக்கம் நிற்பது திரும்பிப் போகும் ரயில் என்று நினைத்து ஏறிவிட்டார். சிட்டி ஹாலில் அப்படி இல்லை. சிவப்புத் தடத்தின் எதிர்ப்பக்கம் பச்சைத் தடம் நிற்கும், ஒரே நடைமேடையில் மாறிக்கொள்வதற்காக. அந்த ரயில் அவரைக் கிழக்கே புகிஸுக்குக் கொண்டுபோய்விட்டது.

அங்கே ஓர் ஊழியர் இவர்களைக் கவனித்து, தமிழ் தெரிந்த ஒரு பெண் பயணியைக் கூப்பிட்டுப் பேச வைத்தார். உம்மாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் கீழக்கரை வீட்டு எண். அந்தப் பெண் தன் போனிலேயே ஊருக்குப் பேச வைத்தார். வாப்பா (அப்பா) எடுத்து, மச்சானுக்குச் சொல்லி, மச்சான் எனக்குச் சொன்னார். புகிஸில் இருந்த செய்தி வங்கக் கடலைத் தாண்டிப் போய் எனக்கு வந்து சேர்ந்தது.

நாங்கள் போனபோது உம்மா பெஞ்சில் பையனின் மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மடியில் மச்சானின் நண்பர் வீட்டுக்கென்று கொண்டுவந்த தொதல் இனிப்புப் பொட்டலம். பையன் பசியில் அழுது ஓய்ந்திருந்தான். பொட்டலத்தின் முடிச்சு அப்படியே இருந்தது. "உள்ள சாப்பிட்டா ஐநூறு வெள்ளி தண்டம்னு நீதானே சொன்ன" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை.

ஊழியர்களைத் தேடினால் கேட்டுக்குப் பக்கத்தில் பயணிகள் சேவை மையம் இருக்கும். சீட்டைக் காட்டினால் போதும், மொழி தேவையில்லை. அன்று புகிஸிலிருந்து நீலத் தடத்தில் இரண்டே ஸ்டேஷன், லிட்டில் இந்தியா வந்துவிட்டோம்.

படி 7: பஸ்ஸும் சாப்பாடும்

பஸ்ஸுக்குக் கை காட்ட வேண்டும், இல்லாவிட்டால் நிற்காமல் போகலாம். முன் கதவில் ஏறித் தட்டுங்கள், இறங்கும் முன் மணியை அழுத்துங்கள், பின் கதவில் மறுபடி தட்டிவிட்டு இறங்குங்கள். இறங்கும்போது தட்டாவிட்டால் அந்தத் தடத்தின் கடைசி வரைக்குமான கட்டணம் போய்விடும்.

ரயிலிலும் ஸ்டேஷனுக்குள்ளும் சாப்பிடவோ தண்ணீர் குடிக்கவோ கூடாது. தண்டம் 500 வெள்ளி வரை. அதனால் பிள்ளைகளுக்கு ஸ்டேஷனுக்கு வெளியிலேயே ஊட்டிவிட்டு உள்ளே போங்கள்.

ஊர் திரும்பும்போது அட்டைகளைத் தூக்கிப் போடாதீர்கள், சில ஆண்டுகள் செல்லும். எங்கள் ஐந்து அட்டைகளையும் அடுத்த தெருவிலிருந்து போகும் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்திருக்கிறோம். உறைகளுக்குக் கயிறு கோத்துக் கொடுத்தது உம்மா.