எட்டு கோர் இருந்தும் ஒன்றுதான் ஓடுகிறதா?

பெரிய சி++ ப்ராஜெக்ட் ஒன்றை பில்ட் போட்டுவிட்டு, ஒவ்வொரு கோரும் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் எச்டாப் (htop) திறந்து பாருங்கள். ஒரு கோர் நூறு சதவீதத்தில் மூச்சிரைக்கும், மற்ற ஏழும் சும்மா கிடக்கும். கம்பைலரான ஜிசிசியைத் திட்டிப் பயனில்லை, அது ஒரு ஃபைலை ஒரு கோரில்தான் கம்பைல் செய்யும். ஒரே நேரத்தில் எத்தனை ஜிசிசியைக் கிளப்புவது என்பது பில்டை நடத்தும் மேக் (make) என்ற கருவியின் கையில் இருக்கிறது.

அதனால் வெறும் மேக் என்று தட்டாமல், இடைவெளி விட்டு மைனஸ் ஜே 8 என்று சேர்த்துத் தட்டுங்கள் (make -j8). ஜே சின்ன எழுத்து. எத்தனை கோர் என்று தெரியாவிட்டால் என்ப்ராக் (nproc) கமாண்ட் சொல்லிவிடும். எண்ணை மட்டும் மறந்துவிடாதீர்கள், வெறும் மைனஸ் ஜே என்றால் வரம்பே இல்லை என்று எடுத்துக்கொண்டு தயாராக இருக்கும் அத்தனை ஃபைலையும் ஒன்றாகக் கிளப்பிவிடும். ஒருமுறை அப்படிச் செய்துவிட்டு, மவுஸ்கூட அசையாமல், பவர் பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் மெஷினை மீட்டேன்.

என்னைக் கேட்டால் கோரை விட ராமைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டெம்ப்ளேட் நிறைந்த சி++ ஃபைல் ஒன்றே ஒரு ஜிபிக்கு மேல் விழுங்கும். 8 கோர், 8 ஜிபி ராம் என்றால் நான் ஜே 4-தான் போடுவேன். பில்ட் நடுவில் ‘கில்ட்’ (Killed) என்று வந்து நின்றால் கோடில் பிழை தேட வேண்டாம், பெரும்பாலும் மெமரி தீர்ந்துபோய் கெர்னல் கம்பைலரைப் போட்டுத் தள்ளியிருக்கும்.

அப்புறம் இன்னொரு தொல்லை. ஜே இல்லாமல் ஒழுங்காக வந்த பில்ட், ஜே போட்டதும் ஹெடர் ஃபைலைக் காணோம் என்று அழும், மறுபடி ஓட்டினால் சரியாகிவிடும். மேக் படிக்கும் மேக்ஃபைலில் டிபென்டன்சி, அதாவது எதற்கு முன் எது தயாராக வேண்டும் என்ற குறிப்பு, விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். ஸ்கிரிப்ட் உருவாக்கும் ஹெடரை, அதைப் பயன்படுத்தும் ஆப்ஜெக்ட் ஃபைலின் (கம்பைல் செய்து கிடைப்பது) ரூலில் கோலனுக்கு வலப்பக்கம் யாரோ எழுதாமல் விட்டிருப்பார்கள், இத்தனை நாளும் எழுதிய வரிசையின் புண்ணியத்தில் ஓடியிருக்கும். அங்கே சேர்த்துவிடுங்கள், தீர்ந்தது.

பல ஃபைலின் எர்ரரும் ஒன்றோடொன்று கலந்து வந்தால் மைனஸ் ஓ, இது பெரிய எழுத்து, சேர்த்துக்கொள்ளுங்கள். க்னூ மேக் 4.0 முதல் இருக்கிறது. மேக்குக்குப் பதிலாக நிஞ்ஜா என்ற கருவியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஜே போடும் கவலையே இல்லை, சொல்லாமலே எல்லாக் கோரையும் எடுத்துக்கொள்ளும்.

கடைசியில் ஆப்ஜெக்ட் ஃபைல்களை எல்லாம் ஒன்றாக இணைத்து லிங்க் செய்யும்போது மறுபடி ஒரு கோர்தான் ஓடுவது போலத் தெரியும், பதற வேண்டாம், வழக்கமான லிங்கர் அப்படித்தான். காத்திருக்கப் பொறுமை இல்லை என்றால் எல்எல்டி (lld) என்ற லிங்கருக்கு மாறிப் பாருங்கள், அது பல த்ரெட்டில் ஓடும்.