கதவு சரியாகச் சாத்தவில்லையா? இழைப்பதற்கு முன் கீலைப் பாருங்கள்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கடலூரில் எங்கள் தேவனாம்பட்டினம் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரே புலம்பல்தான்: "கதவு சாத்த மாட்டேங்குது." உடனே ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்லிவிடுகிறோம். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது பண்ருட்டிப் பக்கம் சாய்ந்த பலா மரத்தில் செய்த கதவு எங்கள் வீட்டில் இருக்கிறது. ஒரு கார்த்திகை மழையில் அதை இழைத்தோம். பங்குனியில் மரம் காய்ந்து சுருங்கியதும் கதவுக்கும் நிலைக்கும் நடுவே பென்சில் நுழையும் அளவுக்குச் சந்து விழுந்துவிட்டது.

முதலில் எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நிலையில் கதவு வந்து உட்காரும் விளிம்பு முழுக்க சாக்பீஸைத் தேய்த்துவிட்டு, கதவை இரண்டு முறை சாத்தித் திறங்கள். கதவில் வெள்ளை எங்கே அழுத்தமாக ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் இடிக்கிறது.

தாழ்ப்பாள் பக்கத்து மேல் மூலையில் வெள்ளை இருந்தால், கதவு தொங்கிவிட்டது என்று அர்த்தம். மேல் கீல் தளர்ந்திருக்கும். மரம் அகலவாக்கில்தான் உப்பும், நீளவாக்கில் உப்புவது மிகக் குறைவு. அதனால் உப்பிய கதவு பக்க விளிம்பு முழுக்க இடிக்கும்; மேல் மூலை மட்டும் இடித்தால் மழையைக் குறை சொல்ல வேண்டாம், கீலைப் பாருங்கள்.

கதவுக்கு அடியில் மரத்துண்டோ மடித்த அட்டையோ செருகி, எடையைத் தாங்க வையுங்கள். இதை விட்டுவிடாதீர்கள், கனமான கதவு சரிந்தால் கால் போய்விடும். அப்புறம் மேல் கீலின் ஸ்க்ரூக்களை இறுக்கிப் பாருங்கள். இறுகினால் வேலை முடிந்தது. ஸ்க்ரூ சும்மா சுற்றிக்கொண்டே இருந்தால் ஓட்டை பெரிதாகிவிட்டது. அந்த ஸ்க்ரூவைக் கழற்றி, மருந்து நீக்கிய தீக்குச்சிகளை ஃபெவிக்காலில் தோய்த்து ஓட்டை நிறையச் செருகி, வெளியே நீட்டுவதை வெட்டிவிடுங்கள். ஒரு ராத்திரி காயட்டும். மறுநாள் ஸ்க்ரூவைத் திருகினால் கெட்டியாகப் பிடிக்கும். ஒவ்வொரு ஸ்க்ரூவாகச் செய்யுங்கள், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றக் கூடாது. கடற்கரை ஊரில் இரும்பு ஸ்க்ரூ சீக்கிரம் துருப்பிடிக்கும், அதனால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூவாகவே கேட்டு வாங்குங்கள்.

இறுக்கிய பிறகும் லேசாகத் தொங்குகிறதா? கீழ்க் கீலுக்கும் நிலைக்கும் நடுவே கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு துண்டு வெட்டி வையுங்கள். கதவின் அடிப்பகுதி கொஞ்சம் வெளியே தள்ளப்பட்டு, தாழ்ப்பாள் பக்கம் மேலே ஏறும்.

கதவு நன்றாகச் சாத்துகிறது, தாழ்ப்பாள் மட்டும் ஓட்டையில் நுழையவில்லை என்றால், தாழ்ப்பாள் நுனியில் சாக்பீஸ் தடவி எங்கே முட்டுகிறது என்று பார்த்து, அந்தப் பக்கம் ஓட்டையை அரத்தால் கொஞ்சம் ராவிவிட்டால் போதும்.

பக்க விளிம்பு மேலிருந்து கீழ்வரை இடித்தால்தான் மரம் உப்பியிருக்கிறது. அப்போதும் இழைப்புளி வேண்டாம். உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றி, வெள்ளை ஒட்டிய இடத்தை மட்டும், மழைக்காலத்தைச் சமாளிக்கும் அளவுக்குத் தேயுங்கள். தை, மாசியில் நன்றாகக் காய்ந்ததும் கதவைக் கழற்றி, மேல் விளிம்பு, அடி விளிம்பு இரண்டுக்கும் பெயிண்ட் அடியுங்கள். பெரும்பாலான வீடுகளில் அந்த இரண்டு இடமும் வெறும் மரமாகவே இருக்கும், ஈரம் அதன் வழியாகத்தான் ஏறுகிறது.